ராக்ஸ்லி பார்க்கில் நாற்பது வீடுகள்

7

நாலு மணிக்குள் நிஜத் திருடனைக் காட்டாவிட்டால் முனிராஜை ஜீப்பில் ஏற்றிவிடுவார்கள். ராக்ஸ்லி பார்க்கின் இரும்புக் கேட்டுக்கு முன்னால் வீணா காரை நிறுத்தியபோது மணி பதினொன்றே கால்.

கேட்டை ஒட்டிய காவலாளி அறையில் முனிராஜ் உட்கார்ந்திருந்தார். தலைமைத் தோட்டக்காரர். ஐம்பத்திரண்டு வயதில் முப்பது வருடம் இந்த எஸ்டேட்டின் புல்லுக்கே போயிருந்தது. நேற்றுதான் வேலையை விட்டு எடுத்திருந்தார்கள். இரண்டு பக்கமும் இரண்டு கான்ஸ்டபிள்கள்.

"ஒரு தோட்டக்காரருக்கு ரெண்டு போலீஸ்," என்றான் க்ளென். "எங்க மர்பி டவுன்ல செயின் அறுத்தவன் பின்னாடியே ஒருத்தர்தான் ஓடுவாரு மேடம். அதுவும் தொப்பைய புடிச்சிக்கினு."

க்ளென் வீணாவின் உதவியாளன். அதற்கு முன்பு கல்யாண ஆர்கெஸ்ட்ராவில் ட்ரம்ஸ் வாசித்தவன். ட்ரம்ஸை விற்றுவிட்டான், சத்தத்தை மட்டும் வைத்துக்கொண்டான். வீணா பன்னிரண்டு வருடம் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் க்ளெய்ம்களைச் சோதித்துவிட்டு, இப்போது சொந்தமாகத் துப்பறிகிறவள். எரிந்துபோன கடையின் சாம்பலைப் பார்த்தே உள்ளே இருந்தது சரக்கா, காலி அட்டைப்பெட்டியா என்று சொல்லிவிடுவாள்.

எஸ்டேட் முதலாளி ஸ்ரீஹர்ஷாதான் அவளை அமர்த்தியிருந்தார். நான்கு வக்கீல்களைக் கூட வைத்துக்கொண்டு நடக்கிற மனிதர், ஜோகுபாளையத்தில் தையல்கடை மாடியில் இருக்கும் தன் ஆபீசைத் தேடி ஏன் வந்தார்? பெரிய ஷோரூமில் வாங்கக்கூடியவர் தன் தள்ளுவண்டியிடம் வந்து நின்றது அவளுக்கு நேற்றிலிருந்தே உறுத்திக்கொண்டிருந்தது.

கேட்டிலிருந்து வீட்டுக்கு ஒன்றரைக் கிலோமீட்டர். க்ளென் மடியில் எஸ்டேட்டின் வரலாற்றுப் புத்தகம். எஸ்டேட்டைக் கல்யாணங்களுக்கு வாடகைக்கு விடும் ஸ்ரீஹர்ஷா, விருந்தினர்களுக்காக வழுவழு காகிதத்தில் அச்சடித்து அடுக்கியிருந்தது.

"கதை நல்லாத்தான் இருக்கு மேடம். இங்கிலாந்துல ராக்ஸ்லி பிரபுவுக்கு ரெண்டு பசங்க. அப்பன் செத்ததும் அரண்மனை, ரெண்டாயிரம் ஏக்கர் பார்க்கு, மானு, ஏரி, பட்டம், எல்லாமே பெரியவனுக்கு. சின்னவன் எட்மண்டுக்கு ஒரு கப்பல் டிக்கெட்டு. அவுங்க சட்டம் அப்படியாம்."

"உங்க வீட்ல?"

"அதே சட்டந்தான். பிரிக்கத்தான் ஒண்ணும் இல்ல." பக்கத்தைத் திருப்பினான். "எட்மண்ட் பெங்களூர் கன்டோன்மென்ட்டுக்கு வந்தான். நல்லா சம்பாதிச்சான். ஆனேக்கல் பக்கத்துல இந்த எடத்த வாங்கி அண்ணன் அரண்மனைய அப்படியே காப்பி அடிச்சான். அதே தூணு, அதே ஏரி, அதே சரிவு. அண்ணன் ஒரு நாள் வந்து பாத்து வயிறெரியணும்னு. அண்ணன் கடைசி வரைக்கும் வரவே இல்ல."

"அவ்வளவு செலவு பண்ணி வாங்கிய வயிற்றெரிச்சல் டெலிவரியே ஆகலை."

"இன்னொண்ணு கேளுங்க. அந்த ஊர் பார்க்குக்கு ஒரு வழக்கமாம். ஜன்னல்ல நின்னு பாத்தா கண்ணுக்கு எட்டுன வரைக்கும் பிரபுவோடதுன்னு தெரியணும். வேலி இருக்கணும், ஆனா கண்ணுல படக்கூடாது." புத்தகத்தை மூடினான். "என் சம்பள உயர்வு மாதிரி. இருக்குதுன்னு சொல்றீங்க, நான் பாத்ததில்ல."

வீணா சிரிக்கவில்லை. "அந்த இடத்தில் ஊர் ஏதாவது இருந்ததாகப் போட்டிருக்கா?"

"முள்ளும் பாறையும் தவிர ஒண்ணுமே இல்லியாம்."

வழக்கே அந்த ஒரு வரியில்தான் இருந்தது. இங்கே அத்திக்கெரெ என்று ஒரு ஊர் இருந்தது, ஜன்னலுக்கு அசிங்கமாகத் தெரிகிறது என்று எட்மண்ட் அதை இடித்துத் தள்ளினான், பிழைக்க வழியில்லாமல் மர்பி டவுனுக்கும் ஜோகுபாளையத்துக்கும் போனவர்களின் வாரிசுகள் நாங்கள் என்று நாற்பது குடும்பங்கள் ஆனேக்கல் கோர்ட்டில் நின்றன. அவர்கள் கேட்டது வீட்டை அல்ல, ஏரிக்கரையில் இருக்கும் முன்னோர்களின் சமாதிகளை. அதே கரையில்தான் ஸ்ரீஹர்ஷா வில்லாக்கள் கட்டப்போகிறார். மனுவில் முதல் பெயர் முனிராஜ். எட்மண்ட் காலத்து ஓவிய ஆல்பத்தைத் திங்கட்கிழமை கொண்டுவரும்படி கோர்ட் சொல்லியிருந்தது. வியாழக்கிழமை ஆல்பம் காணாமல் போனது.

இன்று சனி.

*

நூலகத்தில் கண்ணாடிப் பெட்டி காலியாகத் திறந்து கிடந்தது. ஒரு பெரிய தாம்பாளம் கொள்ளும் அளவு. ஸ்ரீஹர்ஷா நாற்பத்தைந்து வயது, வெள்ளை லினன் சட்டை. சிரிக்கும்போதுகூட வாடகை கேட்கிற முகம்.

"சிம்பிள் கேஸ் மேடம். உங்க ரிப்போர்ட் ஒண்ணு கைல இருந்தா கோர்ட்ல வெயிட்டா இருக்கும். அவ்வளவுதான்."

"நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்."

"வியாழக்கிழமை சாயங்காலம் அஞ்சரை. உள்ள வர்றேன், பெட்டி தெறந்திருக்கு. இந்த ஜன்னல்ல பாத்தா முனிராஜ் ஆல்பத்த நெஞ்சோட அணைச்சுட்டு ஓடறான். நேரா ஏரிக்கு. நான் ஒரு செகண்ட் கண்ண எடுக்கல. அதோ, அந்தக் கெழவி உக்காந்திருக்காளே, அந்த மரத்துக்குப் பின்னால போய் மறைஞ்சான்."

அது ஜன்னல் என்ற பெயரில் இருந்த கண்ணாடிக் கதவு. வெளியே புல்வெளி பச்சைப் பட்டாக ஏரி வரைக்கும் ஒரே இழுப்பில் இறங்கிப் போனது. நடுவில் ஒரு கல் இல்லை, ஒரு கம்பி இல்லை. அடுத்த முனையில் மரம், மரத்தடியில் ஒரு பெண்.

"யார் அவங்க?"

"முனிராஜோட அக்கா சந்திரம்மா. போன அமாவாசை அன்னிக்கு இங்க கல்யாணம். இவ வந்து அந்தக் கல்லுங்களுக்குப் பூ போட்டு ஊதுபத்தி கொளுத்தறா. கெஸ்ட் போட்டோ எல்லாத்துலயும் இவதான். செக்யூரிட்டிய விட்டு வெளிய போட்டேன். வ்யூ கெடுது மேடம்."

"இன்னிக்கு விட்டிருக்கீங்க."

"தம்பி ஜீப்ல ஏறறத பாக்கட்டும்னுதான்."

"சார், நீங்க பின்னாடியே ஓடலியா?" என்றான் க்ளென்.

"நான் ஏன் ஓடணும்? ஓடறதுக்கு ஆள் வெச்சிருக்கேன். தோட்டத்துல சுத்தி வர எனக்கு பக்கி வண்டி இருக்கு, பக்கிக்கு ரோடு இருக்கு."

"தன் கேஸுக்கு வேண்டிய சாட்சியை முனிராஜ் ஏன் திருடணும்?"

"அது அவன் சாட்சி இல்ல, என் சாட்சி. பூரா படமும் வெறும் பார்க்கு. ஒரு குடிசை கூட கெடையாது. அத அழிச்சாத்தான் அவன் கதை நிக்கும்."

நியாயமான பதில். நேற்றே யோசித்து மடித்து வைத்த பதில்போலவும் இருந்தது. வீணா ஒரு தாளை நீட்டினாள். "சொன்னதை அப்படியே எழுதிக் கையெழுத்துப் போடுங்கள். 'நேராக', 'கண்ணை எடுக்காமல்'. இரண்டையும் விட்டுவிடாதீர்கள். கோர்ட்டில் கனமாக இருக்கும்."

ஸ்ரீஹர்ஷா சந்தோஷமாக எழுதிக் கொடுத்தார்.

வெளியே வந்ததும் வீணா சொன்னாள்: "நான் ஏரிக்குப் போகிறேன். நீ ரிசப்ஷனில் உட்கார்ந்திருக்கும் அந்த ஷில்பாவிடம் பேச்சுக் கொடு. போலீஸ் வீட்டையும் முதலாளியின் அறையையும் தேடியாச்சு. அவர்கள் தேட நினைக்காத இடம் எதுன்னு பார்."

"மேடம், அந்தப் பொண்ணு அழகா இருக்கு. வேலை வேலையா தெரியாது."

"அதனால்தான் உன்னை அனுப்புகிறேன். நீ வேலை பார்ப்பதாக யாருக்கும் தோன்றாது."

*

பக்கிக்காரர் சுற்றுப்பாதையில் கொண்டுபோய் ஏரிக்கரையில் இறக்கிவிட்டார். மரத்தடியில் பத்துப் பதினைந்து சமாதிக் கற்கள், இடுப்புயரம்கூட இல்லை. சந்திரம்மா முந்தானையால் ஒரு கல்லின் பாசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். அறுபதைத் தாண்டிய வயது, அந்த வீட்டுத் தூணையே தூக்கிப்போடும் அளவு தோள்.

"நீதான் அந்த ஆளு வெச்ச துப்பறியறவளாம்மா?"

"ஆமாங்கம்மா. உங்க தம்பி எடுத்தாரா?"

"அவன் எடுக்கமாட்டான். அவனுக்கு அவ்ளோ கோவம் வராது. நானா இருந்தா எடுத்திருப்பேன். எடுத்து அந்த ஆளு எதுக்கவே கிழிச்சிருப்பேன்." கல்லை விட்டு நிமிர்ந்தார். "முப்பது வருசம் ஆஸ்பத்திரில ஆயா வேல. சாவறவங்க கைய புடிச்சிக்கினு உக்காந்திருப்பேன். எவ்ளோ பெரிய கோவக்காரனும் கடைசில எல்லாரையும் மன்னிச்சிட்டேன்னுதான் சொல்லுவான். நான் சொல்லமாட்டேம்மா. இப்பவே முடிவு பண்ணிட்டேன்."

"அமாவாசை அன்னிக்கு என்ன நடந்தது?"

"ரெண்டு பேரு என் ரெண்டு கையும் புடிச்சி இழுத்தாங்க. பூவெல்லாம் மண்ணுல. பட்டுப்பொடவை கட்டின பொம்பளைங்க செல்போன்ல படம் புடிச்சாங்க. இந்த ஆளு வண்டில உக்காந்துகினே சொல்றான், 'அம்மா, வ்யூ கெடுது.'" மூச்சு விட்டார். "அந்த வெள்ளக்காரனும் அதான் சொன்னானாம். அவன் எங்க வீட்டுக்குச் சொன்னான். இவன் பொணத்துக்குச் சொல்றான்."

ஆறுதல் சொன்னால் அந்த அம்மாள் அதையும் ஏரியில் எறிந்துவிடுவார் என்று வீணாவுக்குத் தெரிந்தது.

வீட்டுப் பக்கமிருந்து கூப்பாடு கேட்டது. க்ளென். இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு புல்வெளியில் ஓடிவந்தான்.

"ஐயே, அந்தப் புள்ள," என்று சந்திரம்மா எழுந்தார். "தம்பி, நில்லு. டேய், நில்லுடா."

க்ளென் நிற்கவில்லை. ஆடிக்கொண்டிருந்த கைகள் ஒரு கணம் மேலே தெரிந்தன, அப்புறம் அவையும் இல்லை.

வீணா அப்போதுதான் அந்தப் பக்கம் முழுசாகத் திரும்பிப் பார்த்தாள். புல்வெளிக்குக் குறுக்கே, இந்த முனையிலிருந்து அந்த முனை வரை, ஓர் ஆளை விட உயரமான கருங்கல் சுவர் ஓடியது. சுவரின் காலடியில் பள்ளம். வீட்டுப் பக்கத்துப் புல் சுவரின் தலை வரைக்கும் சமமாக வந்து அங்கே வெட்டினதுபோல் நின்றது. இந்தப் பக்கம் தரை மெல்லச் சரிந்து பள்ளத்துக்குள் இறங்கியது.

"மாடு ஏறாம இருக்க வெள்ளக்காரன் வெட்டுனது," என்றார் சந்திரம்மா. "மாடு இப்படி சரிவுல எறங்கும், செவுத்துல முட்டிக்கினு திரும்பிடும். அங்க வீட்ல நிக்கறவனுக்கு ஒண்ணும் தெரியாது. இங்க இருக்கறவங்களுக்கு அது ஒண்ணுதான் தெரியும். என் தம்பி முப்பது வருசமா அதுக்குள்ள எறங்கித்தான் புல்லு அறுக்கறான்."

வீணா சரிவில் இறங்கினாள். பள்ளத்தின் அடியில் மழைச் சேறு. அதன் நடுவில் க்ளென், பதவியேற்ற மந்திரிபோல உட்கார்ந்திருந்தான்.

"அடிபட்டதா?"

"மானத்துக்கு மட்டும். மேடம், நான் கண்டுபுடிச்சிட்டேன்."

"கண்ணில் படாத வேலியையா?"

"அதையும்." கண்ணிமையில் இருந்த சேற்றை வழித்தான். "ரிசப்ஷன்ல சாம்பிளுக்குக் கல்யாண ஆல்பம் அடுக்கி வெச்சிருக்காங்க, பொண்ணு வீட்டுக்காரங்க பாக்கறதுக்கு. ஆறு பெட்டி. ஒரு பெட்டில 'நரேஷ் – லீனா'ன்னு தங்க எழுத்து. மத்ததெல்லாம் பாக்கலாம், அது மட்டும் தொடக்கூடாதுன்னு சார் சொன்னாராம்."

"ஏன்?"

"குடும்ப விஷயமாம். ஆனா மேடம், அந்தக் கல்யாணத்துக்கு எங்க பழைய பேண்டுதான் புக் ஆகியிருந்துச்சு. பொண்ணு ரிசப்ஷனுக்கு முந்தியே ஆனேக்கல் போயி ஓசூர் பஸ் ஏறிட்டா. கல்யாணமே நடக்கல. ட்ரம்ஸுல ஒரு அடி விழல. தூக்கிப் பாத்தேன், அஞ்சு கிலோ இருக்கு. ஓடிப்போன பொண்ணுக்கு அஞ்சு கிலோவுல யாரு ஆல்பம் போட்டது?"

வீணா கை கொடுத்து அவனைத் தூக்கினாள். "எந்தப் பக்கம் ஏறினால் சுலபம்?"

"இந்தப் பக்கந்தான். வீட்டுப் பக்கம் ஏறணும்னா ஏணி வேணும்."

"அப்படியென்றால் ஆல்பத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிய ஆள் என்ன ஆகியிருப்பான்?"

க்ளென் தன் சட்டையைப் பார்த்தான். "என்ன மாதிரி ஆகியிருப்பான்."

*

மூன்றரைக்கு ரிசப்ஷனில் ஷில்பா பெட்டியை இரண்டு கையாலும் மறைத்துக்கொண்டாள்.

"மேடம், என் வேலை போயிடும்."

"இதை யார், எப்போ இங்கே வைத்தது?"

"சாரே. வியாழக்கிழமை மத்தியானம். ஸ்டூடியோல இருந்து பேர் போட்டு முன்னாடியே அனுப்பின காலிப் பெட்டி மேடம் அது. கல்யாணம் நின்னு போச்சுன்னு ஸ்டோர்ல கெடந்துச்சு. திடீர்னு சாம்பிள்ல வெச்சிருக்கார். நான் கேக்கல. கேட்டா 'நிமகே யாகே', உனக்கெதுக்கு அப்படிம்பார்."

மத்தியானம் பெட்டிக்குள் போன ஆல்பம், அஞ்சரை மணிக்கு எப்படிப் புல்வெளியில் ஓடியது? வீணா ரிப்பனை அவிழ்த்தாள். உள்ளே பழுப்புத் தோல் அட்டை, மங்கிய தங்கச் சின்னம். ஒவ்வொரு பக்கமாகத் திருப்பினாள். ஏரிப் படம் வந்த பக்கத்தில் அவள் விரல் நின்றது. கொஞ்ச நேரம் பார்த்தாள். மூடினாள்.

"மேடம், இன்னா?" என்றான் க்ளென்.

"ஷில்பா, இதை நீங்கள் பார்த்தீர்கள், எங்கிருந்து எடுத்தேன் என்றும் பார்த்தீர்கள். இன்ஸ்பெக்டர் கேட்டால் அதை மட்டும் சொன்னால் போதும்."

ஷில்பா தலையாட்டினாள்.

*

இன்ஸ்பெக்டர் மஞ்சுநாத் ஜோகுபாளையத்தில் வளர்ந்தவர். தமிழில் கோபப்படுவார், கன்னடத்தில் சமாதானமாவார். நாலு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது நூலகத்துக்குள் வந்து வாட்சைப் பார்த்தார்.

"என்ன மேடம், ரிப்போர்ட் ரெடியா? ஸ்வல்ப சீக்கிரம். ஆளை இன்னைக்கே ஆஜர் பண்ணணும்."

"ரெடி. ஒரே ஒரு குறை. ஸ்பாட் மஹஜர் போட்டாச்சா?"

"பெட்டி இருந்த எடத்துக்குப் போட்டாச்சு."

"ஓடின வழிக்கு?"

இன்ஸ்பெக்டர் தாடையைச் சொறிந்தார். புகார் கொடுத்தவர் சம்பவ இடத்தைத் தன் காலால் நடந்து காட்ட வேண்டும், போலீஸ் அதை எழுதிக்கொள்ள வேண்டும். மஹஜர் என்றால் அதுதான். இல்லாவிட்டால் எதிர்க்கட்சி வக்கீல் முதல் நாளே பிடித்துக்கொள்வார்.

"மேடம் சொல்றது பாயின்ட்டுதான் சார்," என்றார் ஸ்ரீஹர்ஷாவிடம். "ஒரு தடவ நடந்து காட்டிடுங்க. நாங்க இங்கிருந்தே பாத்து எழுதிக்கறோம்."

"இதுக்குப் போய்," என்று ஸ்ரீஹர்ஷா கண்ணாடிக் கதவைத் திறந்தார். "நேரா. அந்தக் கெழவி நிக்கிற மரம். கண்ண எடுக்காம பாருங்க."

"எடுக்கமாட்டோம்," என்றாள் வீணா.

அவர் நடந்தார். சொந்த நிலத்தில் நடக்கிறவரின் நடை. நாலு அடிக்கு ஒரு தடவை கையை ஏரிப் பக்கம் நீட்டிக் காட்டிக்கொண்டே போனார்.

க்ளென் அவள் காதருகே வந்தான். "மேடம். சொல்லிடலாமா?"

"என்னத்தை?"

"இன்னும் முப்பது அடிதான்."

"அவர் தோட்டம், க்ளென். மூணு வருஷமா வைத்திருக்கிறார். அதோட வரலாற்றையே அச்சடித்து எல்லாருக்கும் கொடுக்கிறார். அவருக்குத் தெரியாததை நாம் என்ன சொல்வது?"

அந்த முனையில் சந்திரம்மா எழுந்து நின்றிருந்தார். மத்தியானம் க்ளெனுக்காகப் போட்ட சத்தத்துக்கு மரத்திலிருந்த காக்கைகள் பறந்தன. இப்போது அவர் வாயைத் திறக்கவில்லை. கையைக்கூட அசைக்கவில்லை. தன்னை நோக்கி வருகிறவரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

ஸ்ரீஹர்ஷா இன்னொரு தடவை கையை நீட்டினார்.

புல்வெளி இருந்தது. ஏரி இருந்தது. சந்திரம்மா இருந்தார். ஸ்ரீஹர்ஷா இல்லை. ஜன்னலிலிருந்து பார்த்தால் பச்சை ஒரே இழுப்பாக ஏரி வரை போனது.

இன்ஸ்பெக்டர் ஓரடி முன்னால் வந்தார். "எல்லி ஹோதரு? எங்க போயிட்டார்?"

"சேற்றில் இருக்கார், உயிருக்கு ஒன்றுமில்லை. மத்தியானமே க்ளென் விழுந்து பார்த்தாச்சு," என்றாள் வீணா. "அங்கே ஏழடிப் பள்ளம். இந்த ஜன்னலுக்குத் தெரியாத மாதிரி வெட்டினது. முனிராஜ் அந்த வழியாக ஓடியிருந்தால் உங்கள் சாட்சியும் இப்படித்தான் அவரைப் பாதியில் தொலைத்திருக்க வேண்டும். ஆனால் இவர் ஏரி வரைக்கும் கண்ணை எடுக்காமல் பார்த்ததாகக் கையெழுத்தே போட்டிருக்கிறார். அந்தப் பள்ளத்தில் முப்பது வருஷம் புல் அறுத்தவர் ஆல்பத்தோடு அதில் குதிக்கவும் மாட்டார். இந்தப் பொய்யைச் சொல்ல, தோட்டத்தை ஜன்னலிலிருந்து மட்டுமே பார்த்த ஒருத்தரால்தான் முடியும்."

"ஆல்பம்?"

க்ளென் பெட்டியைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தான். "நரேஷ், லீனா கல்யாணம் சார். சாப்பாடு போடலன்னாலும் சாமான் கெடச்சிருக்கு."

"ஆனா ஏன்ரீ? இது அவரோட சாட்சி தானே. வெறும் பார்க்குப் படம்."

"கண்ணாடிப் பெட்டியில் இருந்தவரைக்கும் எல்லாரும் அப்படித்தான் நினைத்தோம்." வீணா ஏரிப் படத்தைத் திறந்தாள். பச்சை, ஏரி, வெள்ளைக்கார மரங்கள். பக்கத்தின் ஓரத்தில் ஒரு காகிதம் பின்னால் மடிந்து ஒட்டிக்கொண்டிருந்தது. "இங்கிலாந்தில் பெரிய பார்க்குகளைத் திட்டம் போடுகிறவர்கள் இப்படி வரைவார்களாம். நிலம் இப்போது எப்படி இருக்கிறது என்று ஒரு மடிப்பு. பிரபு அதைத் தூக்கிப் பார்த்தால் அடியில் நாளைக்கு எப்படி இருக்கப்போகிறது என்று தெரியும். நம் ஊரில் வீட்டு டிசைனர் காட்டுகிற முன்-பின் படம் மாதிரி. பெட்டிக்குள் மடிப்பு எப்போதும் தூக்கியே இருந்தது. கோர்ட் கேட்டதும் ஸ்ரீஹர்ஷா முதல் தடவையாக ஆல்பத்தைக் கையில் எடுத்துப் புரட்டியிருக்கிறார்."

மடிப்பை இறக்கினாள்.

ஏரி மறைந்தது. அந்த இடத்தில் கூரை வீடுகள், ஒரு கிணறு, சரிவில் மேயும் மாடுகள், துணி உலர்த்தும் ஒரு பெண். வலது ஓரத்தில் மரம், மரத்தடியில் கற்கள். ஒவ்வொரு கூரை மேலும் பென்சிலில் நுணுக்கமாக ஒரு எண். கடைசி எண் நாற்பது. அடியில் எட்மண்டின் கையெழுத்தில், ஆங்கிலத்தில், ஒரே வரி: இவை நீக்கப்படும்.

இன்ஸ்பெக்டர் தொப்பியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

"எட்மண்டுக்கு வெட்கம் இல்லை, அதனால் ஒளிக்கவில்லை," என்றாள் வீணா. "ஒளிக்க வேண்டியிருந்தது இவருக்குத்தான். எரித்திருக்கலாம். ஆனால் லண்டனில் இதை வாங்க ஆள் இருக்கும், இல்லையா? விற்கக்கூடிய சரக்கைக் கொளுத்த இவருக்கு மனசு வரவில்லை."

இன்ஸ்பெக்டர் வயர்லெஸ்ஸை எடுத்தார். "கேட்டுல இருக்கற தோட்டக்காரர விட்டுடுங்க. கைய எடுங்க மொதல்ல. அப்புறம் மரியாதையா இங்க கூட்டிட்டு வாங்க."

*

பள்ளத்தின் விளிம்புக்கு அவர்கள் போனபோது ஸ்ரீஹர்ஷா சுவரைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நின்றிருந்தார். லினன் சட்டை சேற்றில் நிறம் மாறியிருந்தது.

"கணுக்கால் பிசகியிருக்கு. ஏணி எங்க? முனிராஜ், ஏணி கொண்டா."

பழக்க தோஷத்தில் வந்த வார்த்தை. முனிராஜ் விளிம்பில் நின்று சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். அவசரமில்லாமல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

"சார், நேத்து வாட்ஸ்அப்ல லெட்டர் அனுப்பினீங்க. வேலையில இருந்து எடுத்தாச்சு, எஸ்டேட் சாமான் எதையும் தொடக்கூடாது, தொட்டா போலீஸ் கேஸுன்னு போட்டிருக்கு. ஏணி எஸ்டேட்டோடது சார்."

இன்ஸ்பெக்டர் போனை வாங்கி இரண்டு தடவை படித்தார். "லெட்டர் க்ளியரா இருக்கு சார். உங்க கையெழுத்துதான். நான் அத மீறச் சொல்ல முடியாது. பொய்ப் புகார் விஷயம் வேற பேசணும், மேல வாங்க."

"வீணா மேடம்." குரல் இறங்கியிருந்தது. "நான் உங்க க்ளையன்ட்."

"ஆல்பத்தைக் கண்டுபிடிக்கச் சொன்னீர்கள், கண்டுபிடித்தாச்சு. திங்கட்கிழமை கோர்ட்டுக்கு இன்ஸ்பெக்டரே கொண்டுவருகிறார்."

பள்ளத்தின் அந்தப் பக்கத்திலிருந்து சந்திரம்மாவின் குரல் வந்தது. "இப்படி ஏறுங்க சார். சரிவுதான். மாடுங்க ஏறுன எடம்."

ஸ்ரீஹர்ஷா சுவரை நிமிர்ந்து பார்த்தார். அவர் வீடு தெரியவில்லை. கருங்கல் தெரிந்தது. திரும்பி, சரிவில் கையை ஊன்றி ஊர்ந்து ஏறத் தொடங்கினார். பாதியில் ஒரு தடவை சறுக்கினார்.

மேலே வந்து தலை தூக்கியபோது முகத்துக்கு நேரே பாசி துடைத்த ஒரு கல். பக்கத்தில் சந்திரம்மாவின் கால்கள். அவர் கை நீட்டவில்லை.

"ஷூவ கழட்டிட்டு வாங்க," என்றார். "ஆளுங்க படுத்திருக்காங்க."

ஸ்ரீஹர்ஷா எதிரே பார்த்தார். இன்ஸ்பெக்டர், கான்ஸ்டபிள்கள், முனிராஜ், எல்லாரும் சுவருக்கு மேலே வரிசையாக நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவர் அப்படியே புல்லில் உட்கார்ந்தார். நல்ல காலின் ஷூக்கயிற்று முடிச்சு ஈரத்தில் இறுகியிருந்தது. அவிழ்க்க வெகு நேரம் பிடித்தது. ஷூவை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, போதுமா என்பதுபோல் நிமிர்ந்தார்.

சந்திரம்மா வீங்கியிருந்த மற்றக் காலைக் காட்டினார்.

"அதுவும்."